கையடக்க லத்தீன் அகராதிகள்: அத்துலித் சோதனை

கையடக்க லத்தீன் அகராதி வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் சொல் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். 'அத்துலித்' என்ற ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். 'கொண்டுவந்தான்' என்று பொருள். 'அத்' என்ற முன்னொட்டும் 'துலித்' என்ற இறந்தகால வடிவமும் புணர்ந்து வந்தது. ஆனால் அதன் தலைச்சொல், அதாவது அகராதியில் அது பதிவாகியிருக்கும் வடிவம், 'அஃபெரோ'. முதல் எழுத்தைத் தவிர இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நல்ல சிற்றகராதி 'அத்துலீ' வரும் இடத்தில் 'அஃபெரோ காண்க' என்று ஒரு வரி போட்டிருக்கும். அந்த வரி இல்லாத அகராதி, விடை ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் பயன்படும்.

'வந்தான்' என்பதை 'வா'வின் கீழ் தேடிப் பழகிய தமிழருக்கு இது புதிதல்ல. ஆனாலும் லத்தீன் வினை மாறும் விதங்கள் பல. 'தெதிகீ' என்பதில் முதலெழுத்து இரட்டித்திருக்கிறது. அதை உரித்துவிட்டு, நடுவில் காணாமல் போன மெல்லினத்தைச் சேர்த்து, 'இ'யை 'அ' ஆக்கினால் 'தங்கோ' (தொடு). 'ரூபீ'க்கு இரட்டிப்பு இல்லை. மெல்லினத்தை மட்டும் சேர்க்க 'ரும்போ' (உடை). பெயர்ச்சொல்லில் 'மீலிதிஸ்' என்று கண்டால் 'மீலெஸ்' (படைவீரன்) என்று தேட வேண்டும், 'ரேகெம்' என்று கண்டால் 'ரேக்ஸ்' (அரசன்). சொல்லின் கடைசியில் 'க்வெ' ஒட்டியிருந்தால் அதை முதலில் கழற்ற வேண்டும். அது நம் 'உம்' போன்றது. 'அர்மக்வெ' என்றால் 'ஆயுதங்களும்'. ஆனால் 'உந்திக்வெ' (எல்லாப் பக்கமிருந்தும்) தனிச்சொல், அதைக் கழற்றினால் காரியம் கெட்டது. ஆக, வினைச்சொல்லுக்கு நான்கு அடிப்படை வடிவங்களையும் (நிகழ்காலம், 'செய்ய' என்பது போன்ற வடிவம், இறந்தகாலம், 'செய்யப்பட்ட' என்பது போன்ற வடிவம்) சுருக்காமல் அச்சிட்டிருக்கிறதா என்பதுதான் இரண்டாவது சோதனை.

மூன்றாவது, குறில் நெடில். லத்தீன் எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது. அகராதிதான் உயிரெழுத்தின் மேல் கோடு போட்டுக் காட்ட வேண்டும். 'மலும்' தீமை, 'மாலும்' ஆப்பிள். 'லிபெர்' புத்தகம், 'லீபெர்' அடிமையல்லாதவன். 'வெனித்' வருகிறான், 'வேனித்' வந்தான். 'ஒக்கிதோ' என்றால் விழு, மறை. 'ஒக்கீதோ' என்றால் கொல். கோடில்லாத அகராதியில் கடைசி இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டில் அடுத்தடுத்து நிற்கும். சூரியன் மறைந்த வாக்கியத்தில் யாரோ கொலையுண்டு போவார். (எ, ஏ, ஒ, ஓ என்று நான்கையும் பிரித்து எழுதும் நம் எழுத்தில் லத்தீனை எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம்.)

இந்த அளவுகோல்களோடு மூன்றைப் பார்க்கலாம். டி. ஏ. கிட் தொகுத்து 1957இல் வந்த காலின்ஸ் ஜெம் உண்மையாகவே உள்ளங்கைக்குள் அடங்கும். நெடில் குறி உண்டு, வினை வடிவங்கள் உண்டு. பொருள் மட்டும் இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடும். 'ரேஸ்' (பொருள், விஷயம்), 'ரதியோ' (கணக்கு, காரணம்) போல இடத்துக்கு இடம் பொருள் மாறும் சொற்களுக்கு அது போதாது. எழுத்தும் பொடி, 'ஐ'யின் மேல் இருப்பது புள்ளியா கோடா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும்.

ஜேம்ஸ் மார்வுட் தொகுத்த பாக்கெட் ஆக்ஸ்ஃபர்ட் (1994) அதைவிடப் பெரிது, பாக்கெட்டில் நுழையாது. மார்வுட் ஹாரோ பள்ளியிலும் பிறகு ஆக்ஸ்ஃபர்டிலும் லத்தீன் கற்பித்தவர். பாடநூலைத் தாண்டி மூலநூல் படிக்கத் தொடங்குபவருக்கு என் தேர்வு இதுதான். ஜான் டிராப்மனின் நியூ காலேஜ் (1966) தடித்த சிறு பதிப்பு. லத்தீனில் எழுதவும் பேசவும் முயல்பவருக்கு அதன் ஆங்கிலம்–லத்தீன் பகுதி கைகொடுக்கும்.

அந்தப் பகுதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'ரைட்' என்று தேடினால் 'தெக்ஸ்தெர்' (வலப்பக்கம்), 'ரேக்துஸ்' (நேரானது, சரியானது), 'யூஸ்' (உரிமை) மூன்றும் ஒரே வரிசையில் வரும். சிற்றகராதியில் எடுத்துக்காட்டுக்கு இடமில்லாததால் எதை எங்கே போடுவது என்று அது சொல்லாது. கிடைத்த சொல்லை உடனே லத்தீன் பக்கத்தில் திருப்பிப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். படிக்க மட்டும் லத்தீன் தேவைப்படுபவருக்கு இந்தப் பகுதி வீண் சுமைதான்.

சுமையைச் சகிப்பவர் சார்ல்டன் லூயிஸின் எலிமென்டரி அகராதியைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது, லத்தீன்–ஆங்கிலம் மட்டும். சீஸர், சிசெரோ, வெர்ஜில், ஓவிட் போன்று பள்ளியில் படிக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்துத் தொகுத்தது. 'அமோ, -ஆவீ, -ஆதுஸ், -ஆரெ' (நேசி) என்று, பாடநூலில் இரண்டாவதாக வரும் '-ஆரெ'யைக் கடைசியில் வைத்து வினை வடிவங்களை வேறு வரிசையில் தருவதால் பாடநூலில் பழகியவருக்கு முதல் வாரம் தடுமாற்றம் இருக்கும்.

பெரிய அகராதி வைத்திருக்கும் அறிஞரும் சிறியதை விடாததற்குக் காரணம் வேகம். ஐம்பது அடிகளை ஒரே மூச்சில் படிக்கும்போது மறந்துபோன சொல்லை நினைவூட்ட ஒரு வரி போதும். 1968 முதல் 1982 வரை பகுதி பகுதியாக வந்த ஆக்ஸ்ஃபர்ட் லத்தீன் டிக்ஷ்னரியில் அதே சொல்லைத் தேடினால், பத்தி பத்தியாக மேற்கோள்களைப் படித்து முடிப்பதற்குள் செய்யுள் மறந்துவிடும். ஆனால் வாதம் அந்தச் சொல்லைச் சார்ந்திருக்கிறது என்றால் சிற்றகராதியை மூடிவிட வேண்டும். 'கோன்ஸுலோ' இரண்டாம் வேற்றுமையோடு வந்தால் 'ஆலோசனை கேள்', நான்காம் வேற்றுமையோடு வந்தால் 'நலம் பார்'. இதைச் சிற்றகராதி குறித்திருந்தாலும், எந்த ஆசிரியர் எந்தக் காலத்தில் எப்படி ஆண்டார் என்பது அதில் கிடைக்காது.

இடைக்கால ஏடுகளுக்கு இவற்றில் எதையும் நம்பிப் போக வேண்டாம். அங்கே 'கிராதியா' (அருள்) என்ற சொல்லின் 'டி' (t) எழுத்து 'சி' (c) ஆகியிருக்கும், 'ஏஇ' (ae) என்ற இரட்டை எழுத்து வெறும் 'இ' (e) ஆகியிருக்கும். எழுத்துக்கூட்டை மனத்துக்குள் பழைய வடிவத்துக்குத் திருப்பிய பிறகுதான் தேட முடியும். கிறித்தவ இலக்கியத்துக்கு ஆக்ஸ்ஃபர்டின் பெரிய அகராதியே உதவாது, கி.பி. 2ஆம் நூற்றாண்டோடு அது ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

கடைசியாகக் கட்டுமானம். பசை மட்டும் போட்டு ஒட்டிய தடித்த காகித அட்டைப் புத்தகம் நடுவில்தான் முதலில் பிளக்கும். இரு பகுதி அகராதியில் நடு என்பது லத்தீன் பாதியின் கடைசிப் பக்கங்கள்: 'எஸ்', 'டி', 'வி'. 'சுஸ்துலித்'தும் (தூக்கினான்) 'வெனித்'தும் அங்கேதான் இருக்கின்றன. தையல் போட்ட பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள்.