முனி முதல் காஞ்சனா 3 வரை

ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்த ‘முனி’ 2007இல் வெளிவந்தபோது, பேய்க்கு நடுங்கும் ஓர் இளைஞன், அவன் உடலில் குடியேறும் ஆவி, அந்த ஆவிக்கு இழைக்கப்பட்ட துரோகம், இறுதியில் பழிவாங்கல் என்ற அச்சு வார்க்கப்பட்டுவிட்டது. ராஜ்கிரண் ஏற்ற முனியாண்டி பாத்திரத்துக்குக் கனமும் இருந்தது. ஆயினும் அந்த அச்சுக்கு உயிர் வந்தது 2011இல், ‘காஞ்சனா’வில்தான்.

‘முனி’ முதல் ‘காஞ்சனா 3’ வரையிலான நான்கு படங்களையும் அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தேன். இடைவேளை வரை கோவை சரளாவும் தேவதர்ஷினியும் அரங்கையே சிரிக்க வைத்த ‘காஞ்சனா’, சரத்குமார் ஏற்ற காஞ்சனா பாத்திரம் வந்ததும் நிறம் மாறுகிறது. தன்னைப் போலவே பெற்றோரால் விரட்டப்பட்ட கீதாவை எடுத்து வளர்த்து மருத்துவராக்கிய திருநங்கை, நிலத்தைப் பறித்தவர்களால் கொல்லப்படும்போது, அதுவரை பேய்க்கு அஞ்சிய நாமே பேயின் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். திருநங்கையரைக் கேலிப்பொருளாகவே பெரிதும் காட்டிவந்த தமிழ்த் திரையில் இது பெரிய காரியம். பேய் பிடித்த நாயகனின் நளினத்தைச் சிரிப்புக்குப் பயன்படுத்தும் இடங்கள் உறுத்துகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

‘முனி 2’ என்று தொடங்கிய அந்தப் படத்தின் வெற்றிக்குப் பிறகு பேயின் பெயரே வரிசையின் பெயராகிவிட்டது. காஞ்சனாவின் கதை தொடராதபோதும் 2015, 2019 படங்கள் அவர் பெயரிலேயே வந்தன. சரிவும் அங்கேதான் தொடங்கியது என்பது என் கணிப்பு. முதலிரு படங்களில் ஆவியாக வந்தவர் வேறொரு நடிகர் என்பதால், நாயகனின் உடலுக்குள் ஓர் அந்நியர் புகுந்திருப்பதை உணர முடிந்தது. பின்னர் வந்த இரு படங்களில் சிவா, காளி என்னும் ஆவிகளாகவும் லாரன்ஸே வருவதால் அந்த அந்நியத்தன்மை கரைந்து, பழிவாங்கல் வழக்கமான நாயகச் சண்டையாகிவிடுகிறது. ‘காஞ்சனா 2’வில் மாற்றுத்திறனாளி கங்காவாக வரும் நித்யா மேனன் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறார். மூன்றாவதில் அப்படித் தாங்குவதற்கு எவருமில்லை, சத்தம்தான் கூடியிருக்கிறது.

புதிதாகப் பார்க்க விரும்புவோர் 2011 படத்திலிருந்தே தொடங்கலாம். முந்தைய கதை தெரியாவிட்டாலும் எதுவும் விடுபடாது. அதன்பின் கங்காவுக்காக 2015 படத்தைப் பார்க்கலாம். ‘காஞ்சனா 3’ஐப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.