ஸ்பிரிங் செக்யூரிட்டி: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

ஜாவாவில் எழுதும் வெப் அப்ளிகேஷன்களுக்கு லாகினையும் அனுமதியையும் பார்த்துக்கொள்ளும் லைப்ரரி ஸ்பிரிங் செக்யூரிட்டி. ஸ்பிரிங் பூட் ப்ராஜெக்டில் அதன் ஸ்டார்ட்டரைச் சேர்த்தவுடனே எல்லாம் பூட்டிக்கொள்ளும். நாம் ஒரு வரி கான்ஃபிகரேஷன்கூட எழுதியிருக்க மாட்டோம்; எந்த யூஆர்எல்லைத் திறந்தாலும் லாகின் பக்கம்தான் வரும். 'யூசர்' என்ற பெயரையும், கன்சோலில் அச்சாகும் தற்காலிக பாஸ்வேர்டையும் கொடுத்தால்தான் உள்ளே விடும். புதிதாக வருபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இதன் ஆகப்பெரிய பலமே இதுதான். வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் முதல் பத்து அபாயங்கள் பட்டியலில், 2017இல் ஐந்தாவதாக இருந்த ஆக்சஸ் கன்ட்ரோல் கோளாறு (அனுமதி இல்லாதவர் உள்ளே நுழைய முடிவது) 2021இல் முதலிடத்துக்கு வந்தது. திறந்துவிட்டு ஒவ்வொன்றாகப் பூட்டுகிற பழக்கத்தில் ஏதாவது ஒன்று விட்டுப்போகத்தான் செய்யும்.

எந்த யூஆர்எல்லை யார் திறக்கலாம் என்று நாம் எழுதும் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் எது பொருந்துகிறதோ அதுவே தீர்ப்பு. 'ஏபிஐ'க்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் லாகின் செய்திருந்தால் போதும் என்று மேல் வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் 'ஏபிஐ/அட்மின்' பாதைக்கு அட்மின் ரோல் வேண்டும் என்று எழுதினால், அந்த இரண்டாவது வரிக்கு வேலையே இல்லை. சாதாரண யூசர் அட்மின் பக்கத்துக்குள் நேராகப் போய்விடுவார். 'மற்ற எல்லாம்' என்று பொருள்படும் எனிரிக்வெஸ்ட்டுக்குப் பின்னால் இன்னொரு விதி எழுதினால் அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகும்போதே எரர் வரும். ஆனால் இப்படி ஒரு விதி இன்னொன்றை மறைப்பதைப் பற்றி மூச்சே விடாது. அதனால் குறுகிய பாதைகள் மேலே, அகலமானவை கீழே, கடைசி வரியில் மீதி எல்லாவற்றையும் மறுக்கும் டினைஆல். இந்த ஒழுங்கை நான் எந்த ப்ராஜெக்டிலும் மாற்றுவதில்லை.

அதிகம் நேரத்தைத் தின்பது 403தான், அதாவது 'அனுமதி இல்லை' என்ற பதில். டேட்டாபேஸில் 'அட்மின்' என்று இருக்கிறது, கோடில் இந்த ரோல் இருக்கிறதா என்று ஹேஸ்ரோல் மூலம் கேட்கிறோம். அதுவோ 'ரோல்_' என்ற முன்னொட்டைத் தானாகச் சேர்த்துத் தேடுகிறது, கிடைக்காமல் 403 தருகிறது. போஸ்ட் ரிக்வெஸ்ட்டில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (வேறு தளம் நம் பெயரில் ரிக்வெஸ்ட் அனுப்புவதைத் தடுக்கும் ரகசியக் குறி) இல்லையா, அதற்கும் 403. மூன்றாவதுதான் கொடுமை. பதிப்பு 6 முதல், ரிக்வெஸ்ட்டை சர்வருக்குள்ளேயே வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடும் ஃபார்வேர்டும் எரர் பக்கத்துக்குப் போகும் பயணமும்கூட அனுமதிச் சோதனைக்கு உட்படும். எல்லோருக்கும் திறந்துவிட்ட ஒரு யூஆர்எல்லில் நல்பாயின்டர் எரர் வெடித்தால், ரிக்வெஸ்ட் எரர் பக்கத்துக்குத் திரும்பி அங்கே தடுக்கப்படும். உண்மையான 500 (சர்வர் கோளாறு) மறைந்து, 403யோ 401ஓ (லாகின் தேவை)தான் வெளியே தெரியும். விதிகளில் எரர், ஃபார்வேர்ட் ஆகிய டிஸ்பாட்சர் டைப்புகளை (ரிக்வெஸ்ட் வந்த வழி) எல்லோருக்கும் திறக்கும் பர்மிட்ஆல் செய்தால் இது தீரும். காரணம் புரியாதபோது செக்யூரிட்டி பேக்கேஜின் லாக் லெவலை, மிக விரிவாகப் பதிவு செய்யும் ட்ரேஸுக்கு மாற்றிப் பாருங்கள். எந்த ஃபில்டர், எந்த விதியில் நிறுத்தியது என்று வரிவரியாகச் சொல்லும்.

ரோல் பெயரை வைத்துக் கோடில் சோதிப்பதை விட்டு, தனித்தனி அனுமதியைச் சோதிக்கும் ஹேஸ்அத்தாரிட்டிக்கு மாறியது நல்ல பலன் தந்தது. 'இன்வாய்ஸ் ஒப்புதல்' போன்ற அனுமதியைத்தான் கோட் கேட்கும். அது மேனேஜருக்கா, அக்கவுன்டன்டுக்கா என்பது டேட்டாபேஸில் இருக்கும். புது ரோல் வந்தால் ரிலீஸ் தேவைப்படுவதில்லை.

யூஆர்எல் விதியால் தீராத விஷயம் ஒன்று உண்டு. 'ஆர்டர்ஸ்/41' பார்க்க அனுமதி இருக்கிறதா என்று அது சொல்லும். 41 யாருடைய ஆர்டர் என்று அதற்குத் தெரியாது. எண்ணை 42 ஆக்கினால் அடுத்தவர் ஆர்டர் திறந்துவிடும். மெத்தட் ஓடும் முன்பே அனுமதியைச் சோதிக்கும் ப்ரீஆதரைஸ் குறிப்பில் இதைச் சோதிக்கலாம். என் விருப்பம் க்வெரியிலேயே ஓனர் ஐடியைச் சேர்ப்பது. பிறருடைய ஆர்டர் கைக்கு வரவே வராது. ப்ரீஆதரைஸ் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது ப்ராக்ஸி வழியாக, அதாவது வெளியிலிருந்து வரும் அழைப்பை இடைமறிக்கும் ஒரு உறை வழியாக வேலை செய்கிறது. ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றை நேராக அழைத்தால் சோதனை நடக்காது.

பதிப்பு மாற்றம் வலிக்கத்தான் செய்யும். கான்ஃபிகரேஷன் எழுதப் பயன்பட்ட பழைய வெப்செக்யூரிட்டி கான்ஃபிகரர் அடாப்டர் கிளாஸை 2022இல் 5.7 பதிப்பு ஓய்வுப் பட்டியலில் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் 6.0 அதை நீக்கியே விட்டது. விதிகளில் பாதையைக் குறிக்கும் ஆன்ட்மேட்சர்ஸ் போய் ரிக்வெஸ்ட்மேட்சர்ஸ் வந்தது. ஜாவா 17ம் கட்டாயமானது. பெரும்பாலும் இயந்திரத்தனமான மாற்றம்தான். ஆனால் நம்பி இறங்க டெஸ்ட் வேண்டும். டெஸ்டில் போலி யூசரை உருவாக்கும் வித்மாக்யூசர் கொண்டு ஒவ்வொரு ரோலுக்கும் 'இது கிடைக்கக்கூடாது' என்று எழுதிய டெஸ்டுகள்தான் அந்த மாற்றத்தில் கைகொடுத்தன. 200 (வெற்றி) வருகிறதா என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட், பூட்டு கழன்று கிடந்தாலும் பச்சையாகவே இருக்கும்.

அடுத்த ப்ராஜெக்டுக்கும் இதையேதான் எடுப்பேன். மேல் விதி கீழ் விதியை முழுக்க மறைக்கும்போது ஸ்டார்ட்அப்பில் ஒரு எச்சரிக்கை வரி போட்டால், வேறொன்றும் கேட்க மாட்டேன்.