நான் படுத்தெழும்பிய ட்ரக்குகள்

கனடாவின் ஸ்காபுறோவில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ட்ரக் ஓடுகிறவர்களுக்கென்று ஒரு மேசை தானாகவே அமைந்துவிடும். சாப்பாடு வர முன்னமே அங்கே சண்டை தொடங்கிவிடும். எது நல்ல ட்ரக்? பிரெய்ட்லைனரா, வோல்வோவா, கென்வேர்த்தா, பீற்றர்பில்ட்டா? நான் 2009இல் ஏஇசட் என்கிற பார ட்ரக் லைசன்ஸ் எடுத்தவன். ஆனால் அந்த மேசையில் அதிகம் வாய் திறப்பதில்லை. மற்றவர்கள் குதிரைவலுவைக் கேட்பார்கள். நான் கட்டில் எப்படி என்று கேட்பேன். உடனே சிரிப்பார்கள்.

சிரிக்க ஒன்றும் இல்லை. அமெரிக்காவுக்குள் ஓடினால் 11 மணித்தியாலம்தான் ஓடலாம், பிறகு 10 மணித்தியாலம் ஓய்வு எடுத்தே ஆகவேண்டும். 2017 கடைசியில் மின்னணுப் பதிவுக் கருவி அங்கே கட்டாயமானதோடு கொப்பியில் நேரத்தை மாற்றி எழுதுகிற வித்தையும் போய்விட்டது. ஆக, ஸ்டியரிங் பிடிக்கிற நேரமும் இருக்கைக்குப் பின்னாலுள்ள படுக்கைப் பெட்டிக்குள் கிடக்கிற நேரமும் கிட்டத்தட்டச் சமம்.

எனக்கு முதலில் கிடைத்தது கம்பனியின் பிரெய்ட்லைனர் கஸ்கேடியா. 2007இல் அறிமுகமான மாடல். வட அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் பார ட்ரக் இதுதான். ஒரு காலத்து யாழ்ப்பாணத்தில் ஏ-40 கார் மாதிரி, எங்கே திரும்பினாலும் அதுதான் நிற்கும். அதுவும் பெரும்பாலும் வெள்ளை நிறத்தில். ஒஹாயோவில் ஒரு நள்ளிரவு, கோப்பியும் கையுமாக வந்து கதவைத் திறக்கப் பார்க்கிறேன், திறப்பு திரும்பவே இல்லை. குளிரில் பூட்டு இறுகிவிட்டதாக்கும் என்று இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். உள்ளே திரைச்சீலை விலகியது. ஒரு நரைத்த தாடி என்னை எட்டிப் பார்த்தது. என்னுடையது பக்கத்தில் நின்றது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினேன்.

இந்த ட்ரக்கை யாரும் போஸ்டராக அடித்துச் சுவரில் ஒட்டமாட்டார்கள். ஆனால் விண்ட்சரிலிருந்து வின்னிபெக் வரை எந்தக் கராஜில் விட்டாலும் மெக்கானிக்கின் கை அதற்குப் பழகியிருக்கும், பாகமும் கிடைக்கும். முன் மூக்கு சரிவாக இருப்பதால் முன்னால் நிற்கிற சின்னக் கார்கூடத் தெரியும். அதில் ஏழு வருடம் ஓடினேன், குறை சொல்ல மனம் வராது.

அப்புறம்தான் சொந்தமாக வாங்கினேன். 2016இல், பாவித்த வோல்வோ வீஎன்எல் 780, 2014ஆம் ஆண்டு மாடல். வேர்ஜீனியா மாநிலத்து டப்ளின் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் செய்தது. 2023 வரைக்கும் 11 இலட்சம் கிலோமீற்றர் ஓடினேன். இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கியர் ஐ-ஷிப்ட், 12 கியர், தானாக மாறும். அதன் பிடி இருக்கையின் பக்கத்திலேயே இருக்கும். முதல் ஒரு கிழமை என் இடது கால் கிளட்சைத் தேடித் தேடித் தரையை மிதித்தது. கையால் கியர் போடாதவன் ட்ரக் ஓடுகிறவனே இல்லை என்று சொல்லும் பழைய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் 401 நெடுஞ்சாலையில் ரொறன்ரோவைக் கடந்து காட்டட்டும். ஐந்து மணிக்கு அங்கே நகர்ந்து நகர்ந்து நிற்கும்போது எனக்கு முழங்கால் வலி இல்லை. அந்த ஒன்றுக்காகவே நான் மானுவலுக்குத் திரும்பவில்லை.

இரண்டாவது, திரும்பும் விதம். மொன்றியலின் பழைய களஞ்சியங்களில் 53 அடி ட்ரெயிலரைப் பின்னால் விடுகிறவர்களுக்கு இது புரியும். அந்த இடங்கள் சின்ன லொறிகளின் காலத்தில் கட்டியவை. வோல்வோவின் முன் சக்கரம் நன்றாக வெட்டும். மற்றவர் மூன்று தரம் முன்னே பின்னே எடுக்கிற இடத்தில் எனக்கு ஒரு தரம் போதுமாக இருந்தது. மூன்றாவது, சத்தம். நூறில் போய்க்கொண்டிருக்கும்போது மனைவி போனில் எடுத்தால், “ஏன் கத்துறீங்கள்?” என்று கேட்க வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அந்தப் பெட்டி. 77 அங்குல நீளம், உயரமான கூரை, நிமிர்ந்து நின்று காற்சட்டை மாற்றலாம். என்னுடையதில் கீழ்க் கட்டிலை மடித்தால் நடுவில் ஒரு மேசையும் இரண்டு பக்கமும் இருக்கையும் வரும். ஒரு தை மாதம் சுப்பீரியர் ஏரிக்கரையில் பனிப்புயல். 17ஆம் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். வாவா என்ற சிற்றூரில், அந்தப் பெரிய வாத்துச் சிலை உள்ள ஊர்தான், வரிசையாக ட்ரக்குகள். வெளியே மைனஸ் 34. எஞ்சினை ஓடவிட்டால் மணிக்கு மூன்று லீட்டர் டீசல் போகும். படுக்கைக்குக் கீழே இருக்கிற குட்டி டீசல் ஹீற்றர் இரவு முழுக்க எரிந்தாலும் அதே மூன்று லீட்டருக்குள் முடித்துவிடும். டிக் டிக் என்று அதன் பம்ப் அடிக்கிற சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. இன்வேர்ட்டரில் ரைஸ் குக்கரைப் போட்டு, மீன் ரின் ஒன்றை வெங்காயத்தோடு பிரட்டி, மேசையில் வைத்துச் சாப்பிட்டேன். வாசம் பிடித்து வந்த பக்கத்து ட்ரக் கியூபெக்காரரும் எதிர் இருக்கையில் இருந்து சாப்பிட்டார். உறைப்பில் அவர் கண் கலங்கியது. கோப்பையை மட்டும் வழித்துத்தான் வைத்தார். 19 மணித்தியாலம் அங்கேயே. எனக்கு இடம் நெருக்கியதாகத் தோன்றவில்லை.

எரிபொருள் 100 கிலோமீற்றருக்கு 33, 34 லீட்டர். பாரத்தையும் எதிர்காற்றையும் பொறுத்து ஏறும் இறங்கும்.

இடையில் கொஞ்சக் காலம் வேறொருவரின் ட்ரக்கையும் ஓடினேன். பெயர் வேண்டாம், 2010க்குப் பிறகு வந்த எல்லா மாடலும் ஏறக்குறைய அதே கஷாயத்தைத்தான் குடிக்கின்றன. புகையைச் சுத்தம் செய்ய டெப் என்ற யூரியாத் திரவம் ஊற்றவேண்டும். அது மைனஸ் 11இலேயே உறைந்துவிடும். அதனால் தாங்கியைச் சூடாக்க ஒரு குழாய், அதைக் கண்காணிக்க ஒரு சென்சர். அந்தச் சென்சர் வயோமிங்கில், ரோலின்ஸுக்குக் கிட்ட, திரவம் சரியில்லை என்று பொய் சொன்னது. திரவம் நன்றாகத்தான் இருந்தது. கணினிக்கு அதெல்லாம் கேட்காது. வேகத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் மணிக்கு 8 கிலோமீற்றரில் கொண்டுவந்து விட்டது. வயோமிங் காற்றில் 80ஆம் நெடுஞ்சாலை ஓரமாக, மாட்டு வண்டி வேகத்தில், அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு போனேன்.

பழைய ட்ரக்குகளுக்கு ஏன் இவ்வளவு காதல் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பிரம்டனில் எனக்கு ஒரு பஞ்சாபி நண்பர் இருக்கிறார், பாஜி என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் 1999ஆம் ஆண்டுப் பீற்றர்பில்ட் 379. கட்டர்பில்லரின் மஞ்சள் எஞ்சின், 18 கியர். டெப் இல்லை, புகை வடிகட்டி இல்லை. எஞ்சின் 2000க்கு முந்தியது என்பதால் மின்னணுப் பதிவுக் கருவிகூடத் தேவையில்லை. ஒரு கோடையில் இருவரும் மாறி மாறி ஓட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போனோம். உள்ளே ஏறினால் டாஷில் வட்ட வட்டமாக மீற்றர்கள். நீண்ட சதுர மூக்கு, இரண்டு பக்கமும் குரோம் காற்று வடிகட்டி, நிமிர்ந்த இரண்டு புகைக்குழாய். றோஜர்ஸ் பாஸ் இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கைப் போட்டபோது மலை முழுக்க உறுமியது. கியர் விழும்போது உள்ளங்கையில் தெரிகிற அந்தத் தட்டு எந்த ஓட்டோமட்டிக்கிலும் வராது, அது உண்மை.

ஆனால் 100 கிலோமீற்றருக்கு 45 லீட்டர். முன்னால் ஒரு சின்னக் கார் நின்றால் மூக்குக்கடியில் காணாமல் போய்விடும். இரண்டாம் நாள் என் முதுகு என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டது. பாஜியோ ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணித்தியாலம் குரோமை மினுக்குகிறார். வழியில் டீசல் அடிக்க நின்றபோது ஒரு கிழவர் வந்து, தான் ஓய்வுபெற்ற சாரதி என்றும் ஒரு படம் எடுக்கலாமா என்றும் கேட்டார். ஏழு வருடத்தில் என் வோல்வோவை ஒருவரும் படம் எடுத்ததில்லை.

கென்வேர்த் டபிள்யூ900 ரசிகர்களும் இதே சாதிதான். 1961இல் வந்த வடிவம். பீற்றர்பில்ட்டும் கென்வேர்த்தும் பக்கார் என்ற ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள் என்று சொன்னாலும் இந்தப் பங்காளிச் சண்டை தீராது. இதே கென்வேர்த் 1985இல் காற்றைக் கிழிக்கிற மாதிரி மூக்கைச் சரித்து டி600ஐக் கொண்டுவந்தபோது எறும்புண்ணி என்று கேலி செய்தவர்களும் ட்ரக் சாரதிகள்தான். இன்றைக்கு எல்லாரும் எறும்புண்ணிதான் ஓடுகிறோம்.

2023இல் வோல்வோவை விற்றுவிட்டுப் புதிய கஸ்கேடியா எடுத்தேன். நகரத்தில் பிள்ளைகளோடு கூட நேரம் இருக்கவேண்டும் என்று ஓட்டத்தையும் குறைத்துவிட்டேன். போன மாதம் மச்சானின் மகன், புது லைசன்ஸ், ஒரு பாவித்த 780 பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனான். எஞ்சின் எத்தனை குதிரைவலு, அலுமினிய ரிம்மா என்றெல்லாம் விற்பவரைக் குடைந்துகொண்டிருந்தான். “தம்பி, சப்பாத்தைக் கழற்றிப்போட்டு உள்ளே போய்க் கால் மணித்தியாலம் படு. கதவைச் சாத்து” என்றேன். முகத்தைச் சுழித்துக்கொண்டு போனான்.

விற்பவரும் நானும் டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். அரை மணித்தியாலம் கழித்துத்தான் கதவு திறந்தது. தலை கலைந்திருந்தது.

“மாமா, இதில ரைஸ் குக்கரை எங்க வைக்கிறது?”