லினக்ஸ் ரிமோட் டெஸ்க்டாப்: லைன் அறுந்த பிறகும் எது நிற்கிறது?

கொழும்பில் வெள்ளவத்தை வீட்டிலிருந்து கோட்டைப் பகுதியில் உள்ள அலுவலக லினக்ஸ் கணினிக்குள் நுழைய எது நல்லது என்று கேட்பவர்கள் முதலில் வேகத்தைத்தான் விசாரிப்பார்கள். நீண்டநாள் பாவனையில் வேகம் இரண்டாம் பட்சம். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் திறந்துவைத்த வேலை அப்படியே கிடக்கிறதா என்பதே பெரிய சோதனை.

அதில் எக்ஸ்டூகோ (X2Go) என்ற ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருளுக்கே முதலிடம். தொலைக்கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்எச் (SSH) முறையின் 22ஆம் போர்ட் (இணைப்பு வாசல்) ஒன்றே போதும். லைன் அறுந்தால் அமர்வு (திறந்துவைத்த வேலைகளோடு உள்ள டெஸ்க்டாப்) உறங்கும். மறுபடி நுழைந்தால் விட்ட இடத்தில் தொடரும். போன் ஹாட்ஸ்பாட்டிலும் எழுத்து வேலை ஓடும். ஆனால் திரையை அனுப்பும் பழைய என்எக்ஸ் 3 (NX 3) நுட்பத்தில் நிற்பதால் க்னோம் (GNOME) டெஸ்க்டாப் சரிவராது. எக்ஸ்எஃப்சிஇ (XFCE) அல்லது மாட்டே (MATE) டெஸ்க்டாப் போடவேண்டும். வீடியோவை மறந்துவிடலாம்.

விண்டோஸ் மடிக்கணினியில் எதையும் நிறுவாமல் நுழைய எக்ஸ்ஆர்டிபி (xrdp): விண்டோஸிலேயே உள்ள ஆர்டிபி (RDP) இணைப்பு முறையை அலுவலக லினக்ஸ் கணினிக்குத் தரும் மென்பொருள். இதிலும் அமர்வு தங்கும். ஆனால் அடுத்தமுறை வண்ண ஆழத்தை 32 பிட்டிலிருந்து 16க்கு மாற்றி நுழைந்தால் பழையது கிடைக்காது, புது அமர்வு பிறக்கும். "வேலையெல்லாம் போச்சு" என்ற பதற்றத்துக்குப் பலநேரம் இதுதான் காரணம். பழையது பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

உபுண்டு என்ற லினக்ஸில் எக்ஸ்ஆர்டிபி வழியே பாஸ்வேர்ட் கொடுத்ததும் கறுப்புத் திரை வந்து வெளியே தள்ளினால், அதே பயனர் அலுவலகத் திரையிலும் நுழைந்திருக்கிறாரா என்று பாருங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு க்னோம் அமர்வுகள் ஒரே டிபஸ்ஸுக்கு (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் உள்வழி) அடிபடுகின்றன. அங்கே லாக் அவுட் செய்யலாம், அல்லது தொலைவேலைக்குத் தனிப் பயனர் வைக்கலாம். பின்னதே தலைவலி இல்லாதது.

க்னோமின் சொந்த டெஸ்க்டாப் பகிர்வு பார்க்க அழகு, ஆனால் திரை பூட்டினால் இணைப்பு போய்விடும். தானாக லாகின் ஆகும்படி வைத்தால் கீரிங் (பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் பெட்டகம்) பூட்டியபடியே இருக்கும், ஆர்டிபி பாஸ்வேர்டைப் படிக்க முடியாது. மின்வெட்டுக்குப் பின் மறுபடி எழும் கணினிக்கு இது ஆகாது. உபுண்டு 24.04இல் வந்த 'ரிமோட் லாகின்' வேறு சாமான்: அங்கே யாரும் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. பாஸ்வேர்ட் மட்டும் இரண்டு, ஒன்று இணைப்புக்கு, மற்றது பயனருக்கு.

விஎன்சி (VNC) என்ற இன்னொரு இணைப்பு முறையில் திரையைப் பகிரும் எக்ஸ்11விஎன்சி, லினக்ஸின் புதிய திரை அமைப்பான வேலாண்டில் (Wayland) ஓடாது. உபுண்டு 25.10இல் க்னோம் வேலாண்டில் மட்டுமே வருவதால் அந்தக் கதை அங்கே முடிந்தது. அதே முறையிலான டைகர்விஎன்சி நம்பிக்கையானது, ஆனால் வழக்கமான விஎன்சி பாஸ்வேர்டில் முதல் 8 எழுத்துகளே கணக்கு. ஆகவே அதன் 5901ஆம் போர்ட்டை வெளியே காட்டாமல் எஸ்எஸ்எச் சுரங்கத்துக்குள் விடுங்கள்.

ஆர்டிபியின் 3389ஆம் போர்ட்டையும் நேரடியாக இணையத்துக்குத் திறக்கவேண்டாம். 4ஜி ரவுட்டர்களில் பொது ஐபி (வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய முகவரி) கிடைக்காமல் போர்ட் ஃபார்வர்ட் (வெளி இணைப்பை உள்ளே உள்ள கணினிக்குத் திருப்புவது) பலிக்காதது வழக்கம். வயர்கார்ட் (WireGuard) என்ற விபிஎன்னும் ஒரு சின்ன விபிஎஸ்ஸும் (வாடகை இணையச் சேவையகம்) இருந்தால் இரண்டு சிக்கலும் தீரும்.

இதற்கெல்லாம் முன்னால் அலுவலகக் கணினியின் பயோஸ் (BIOS) அமைப்புகளில், மின்சாரம் மீண்டதும் கணினி தானே எழும்படி வையுங்கள். டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் செய்திருந்தால் அதுவும் உதவாது: கடவுச்சொல் கேட்டபடி, ஆளில்லாத அலுவலகத்தில் திங்கட்கிழமை வரை காத்திருக்கும்.

தமிழில் தட்டுவோருக்கு: தட்டச்சு உள்ளீட்டு மென்பொருள்களான ஐபஸ் (IBus), எம்17என் (m17n) இரண்டையும் அலுவலகக் கணினியில் நிறுவி, ரெங்கநாதன் விசைப்பலகையை அங்கேயே தெரிவுசெய்யுங்கள். வீட்டுக் கணினியின் விசைப்பலகை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். இரண்டு பக்கமும் தமிழை வைத்தால் எழுத்து குழம்பும்.