இருட்டறையில் ஒரு வருடம்: எஞ்சின் பாகங்களைச் சோதிக்கும் யூ.வி. கை விளக்கு

ஒரு வருடமாகக் கையில் பிடித்து வேலை பார்த்த விளக்கைப் பற்றி எழுதுகிறேன். வீட்டில் மாட்டும் விளக்கு இல்லை. விமான எஞ்சினைக் கழற்றி, பாகங்களில் விரிசல் விட்டிருக்கிறதா என்று இருட்டறையில் பார்க்கிறோமே, அதற்கான யூ.வி., அதாவது புற ஊதாக் கதிர் கை விளக்கு. எல்.இ.டி.யில் எரிவது, பேட்டரி போட்டது.

சிங்கப்பூரில் லோயாங் பக்கம் ஒரு பட்டறையில் எஃப்.பி.ஐ. பிரிவில், அதாவது ஒளிரும் சாயத்தை வைத்து விரிசல் தேடும் பிரிவில், லெவல் டூ (இரண்டாம் நிலைத் தகுதி) இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். பதினாறு வருடமாக இதே வேலைதான். திருச்சியில் என்.டி.டி. (பாகத்தைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் முறை) கோர்ஸ் முடித்த பிள்ளைகளும், சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவர்களும் “அண்ணே, எந்த விளக்கு வாங்கலாம்?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. தயாரிப்பாளர் பெயரைப் போட எங்கள் நிறுவனம் அனுமதிக்காது. அதனால் பெயரை விட்டுவிட்டு, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பாகத்தை எண்ணெய், கரி இல்லாமல் சுத்தமாகக் கழுவி, ஒளிரும் சாயத்தில் நனைத்து ஊறவிடுவோம். அதைத்தான் பெனட்ரன்ட் என்கிறோம். மேலே இருக்கும் சாயத்தைக் கழுவி எடுத்து, உலர்த்தி, டெவலப்பர் என்கிற வெள்ளைப் பொடியைத் தூவுவோம். விரிசல் இருந்தால் அதற்குள் தங்கிய சாயத்தைப் பொடி மேலே இழுக்கும். பத்து நிமிடமாவது பொறுத்து, இருட்டில் யூ.வி. வெளிச்சத்தைக் காட்டினால் மஞ்சள் கலந்த பச்சையில் ஒரு கோடு எரியும். தலைமுடியை விட மெல்லிய கோடாகக்கூட இருக்கும். அந்தக் கோடு கண்ணில் படவில்லை என்றால் பாகம் மறுபடி எஞ்சினுக்குள் போய்விடும்.

ஆக, விளக்கு என்பது சும்மா ஒரு சாமான் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மெர்க்குரி விளக்குகள்தான். போட்டால் முழு வெளிச்சம் வரப் பத்துப் பதினைந்து நிமிடம். தெரியாமல் அணைத்துவிட்டால் ஆறும்வரை மறுபடி பிடிக்காது. முன்னால் இருக்கும் கறுப்புக் கண்ணாடி சூட்டில் விரிசல் விட்டதா என்று தினமும் பார்க்க வேண்டும். விட்டிருந்தால் தோலுக்கும் கண்ணுக்கும் கெடுதலான கதிர் வெளியே வரும். அரை மணி பிடித்தால் கை வெந்துவிடும். ஆனாலும் அதன் வெளிச்சம் நம்பகமானது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் எல்.இ.டி. வந்தது. முன்பு நான் இருந்த ஒரு பட்டறையில் விலை குறைவு என்று ஆன்லைனில் நான்கு விளக்குகள் வாங்கினார்கள். பெட்டியில் 365 நானோமீட்டர் என்று, அதாவது இந்த வேலைக்கு வேண்டிய யூ.வி. ஒளியின் அலைநீளம், அச்சடித்திருந்தது. கூட வந்த தாளில் விளக்கின் சீரியல் எண்ணே இல்லை. எரியவிட்டால் பாகம் முழுக்க ஊதா நிறம் பூசிய மாதிரி தெரிந்தது. எல்லோரும் “நல்ல பவர்” என்றார்கள். மறுநாள் காலை டாம் பேனலை வைத்துப் பார்த்தேன். அது ஒரு எஃகுத் தகடு. ஒரு பாதியில் குரோம் பூசி, ஐந்து இடங்களில் வேண்டுமென்றே நட்சத்திர வடிவில் விரிசல் போட்டிருப்பார்கள், சின்னதிலிருந்து பெரியதுவரை. சாயம், கழுவும் முறை, விளக்கு எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அன்றாடம் இதை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். பழைய மெர்க்குரி விளக்கில் எங்களுக்கு வழக்கமாகத் தெரியும் நட்சத்திரங்களில் மிகச் சின்னது அந்தப் புது விளக்கில் ஊதாவுக்குள் கரைந்துபோயிருந்தது. தலையைச் சாய்த்து, அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தேடினால்தான் தெரிந்தது. வெளிச்சம் கூட இருந்தும் விரிசல் மறைகிறது. அன்றைக்கே நான்கு விளக்குகளுக்கும் ‘பயன்படுத்தக் கூடாது’ என்ற சிவப்பு டேக் போட்டு மேலாளர் மேஜையில் வைத்தேன். நல்ல வேளை, அவர் வாதாடவில்லை.

இப்போதைய விளக்கு வந்தபோது அதனால்தான் முதலில் பெட்டியைத் திறக்காமல் தாளைப் படித்தேன். எல்.இ.டி. யூ.வி. விளக்குகளுக்கு என்றே ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் இ3022 என்ற தரம் 2015இல் வந்தது. அலைநீளத்தின் உச்சம் 360க்கும் 370 நானோமீட்டருக்கும் இடையே இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்தை வடிகட்டியிருக்க வேண்டும், விளக்கு சூடானாலும் பேட்டரி இறங்கினாலும் வெளிச்சம் எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து காட்ட வேண்டும். இந்த விளக்கோடு வந்த சான்றிதழில் அத்தனையும் இருந்தன. முக்கியமாக, விளக்கின் முதுகில் பொறித்த சீரியல் எண்ணும் தாளில் இருந்த எண்ணும் ஒன்றே.

அளந்தும் பார்த்தோம். பதினைந்து அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 1,000 மைக்ரோவாட் வேண்டும். இது எங்கள் மீட்டரில் 4,600 காட்டியது. வருடம் முடியும்போது 4,450. இறக்கம் அவ்வளவுதான். இங்கே ஒரு எச்சரிக்கை: மெர்க்குரி காலத்து மீட்டரை வைத்து எல்.இ.டி.யை அளந்தால் எண் தப்பாக வரலாம். மீட்டரையும் எல்.இ.டி.க்கு ஏற்றதாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, எண் கூடக்கூட நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். ரொம்பப் பலமான யூ.வி. விழுந்துகொண்டே இருந்தால் சாயமே மங்கிப்போகும்.

பார்க்க எப்படி இருக்கிறது? இதைச் சொல்லத்தான் ஆசை. டர்பைன் பிளேடு ஒன்றை எடுத்துக் காட்டினால் உலோகம் கறுப்பாகவே நிற்கிறது, ஊதாப் பூச்சு இல்லை. அந்தக் கறுப்பில் ஒரு தூசு நூல் கிடந்தால்கூட நீலமாகத் தனியே மின்னுகிறது. விரிசலின் பச்சையும் நூலின் நீலமும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. ஆல்கஹால் தொட்ட தூரிகையால் ஒரு முறை துடைத்துவிட்டு மறுபடி பொடி போட்டுப் பார்ப்போம். அழுக்கு என்றால் போய்விடும். விரிசல் என்றால் அதே இடத்தில் அதே கோடு மெதுவாக ஊறி வரும். பதினாறு வருடத்துக்கு அப்புறமும் அது ஊறி வருவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு ஒரு முறை இறுகும்.

புதிதாக வந்த தம்பி ஒருவன் போன மாதம் ஓடி வந்தான். “அண்ணே, காம்பிரஸர் டிஸ்க்ல பெரிய இண்டிகேஷன்!” விரிசலாக இருக்கலாம் என்று காட்டும் ஒளிர்வைத்தான் அப்படிச் சொல்வோம். போய்ப் பார்த்தால் விளிம்பில் மஞ்சள் பச்சையில் நான்கு திட்டுகள், வரிசையாக. அவன் கையுறையைக் கழற்றச் சொல்லி விரலில் விளக்கைக் காட்டினேன். விரல் நுனியெல்லாம் எரிந்தது. மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறான். மஞ்சள் தூள் யூ.வி.யில் கிட்டத்தட்ட நம் சாயத்தின் நிறத்திலேயே ஒளிரும். கையுறை போடாமல் பாகத்தைத் திருப்பி வைத்துவிட்டு, அப்புறம் போட்டிருக்கிறான். திட்டவில்லை. அதைப் பார்த்து என்னைக் கூப்பிட்டானே, அதற்குப் பாராட்டினேன். துடைத்துவிட்டோம் என்று விட்டுவிடவும் இல்லை. டிஸ்க்கை முதலிலிருந்து கழுவி மறுபடி ஓட்டினோம். நம் ஆட்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்: சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுங்கள், வெள்ளைச் சட்டை போட்டு உள்ளே போகாதீர்கள். சோப்புத் தூளில் இருக்கும் வெளுப்புப் பொருளும் பளபளவென்று எரியும். வெயிலில் கறுக்கும் கண்ணாடி அணியவே கூடாது.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 1989 ஜூலை 19. யுனைடெட் 232, டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போன டி.சி.-10. வால் பகுதி எஞ்சினின் முதல் விசிறி டிஸ்க் வானத்திலேயே உடைந்து, விமானத்தைத் திருப்பிக் கட்டுப்படுத்தும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்தது. அயோவாவில் சூ சிட்டியில் இறங்கும்போது நொறுங்கியது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். விமானத்தை அங்கேவரை கொண்டுவந்த கேப்டன் ஆல் ஹேன்ஸ் பெயர் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நினைவில் நிற்பது யுனைடெட்டின் சான் ஃபிரான்சிஸ்கோ எஞ்சின் பட்டறையின் இருட்டறை.

அந்த டைட்டானியம் டிஸ்க்கின் உலோகத்தில் உருக்கும்போதே நைட்ரஜன் சேர்ந்த கடினமான ஒரு துணுக்கு மாட்டியிருந்தது. அங்கிருந்துதான் விரிசல் வளர்ந்தது. அனுமதிக்கப்பட்ட ஆயுள் 18,000 சுழற்சிகள் (ஒரு முறை பறந்து இறங்குவது ஒரு சுழற்சி). உடைந்தது 15,503இல். விபத்துக்கு 760 சுழற்சிகளுக்கு முன்னால் அதே டிஸ்க் நாம் செய்கிற இதே சாயச் சோதனைக்கு வந்திருக்கிறது. விரிசல் அப்போதே ஏறத்தாழ அரை அங்குலம் இருந்திருக்கும் என்று அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. கணக்கிட்டது. உடைந்த டிஸ்க்கை மூன்று மாதம் கழித்துச் சோளக் காட்டில் கண்டெடுத்துச் சோதித்தபோது விரிசலுக்குள் அந்தச் சாயத்தில் இருக்கும் ரசாயனத்தின் தடம் கிடைத்தது. சாயம் உள்ளே போயிருக்கிறது. தன் வேலையைச் செய்திருக்கிறது. கண் பார்க்கவில்லை. டிஸ்க்கின் நடுத் துளை வழியாகக் கேபிளைக் கோத்துத் தொங்கவிட்டு ஆய்வு செய்வார்கள். கேபிளைச் சுற்றிய பிளாஸ்டிக் குழாய் அந்தத் துளைச் சுவரை மறைத்திருக்கலாம் என்பதும் ஆராயப்பட்டது. அதைப் படித்த நாளிலிருந்து, தொங்கும் பாகம் எதுவானாலும் தூக்கி இடம் மாற்றி இரண்டாம் முறை பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

1996 ஜூலை 6, அமெரிக்காவில் பென்சகோலா. டெல்டா 1288 ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது எஞ்சின் விசிறியின் ஹப் (இறக்கைகளைத் தாங்கும் நடுப் பாகம்) உடைந்து கேபினுக்குள் பாய்ந்ததில் ஒரு தாயும் மகனும் இறந்தார்கள். தயாரிக்கும்போது துளையிட்டதில் வந்த சேதம் விரிசலாக வளர்ந்திருந்தது. அதையும் முந்தைய வருடச் சாயச் சோதனை தவறவிட்டது. இந்த ரகப் பாகத்தில் விரிசல் இருக்காது என்ற எண்ணமே ஆய்வாளரின் கண்ணை ஏமாற்றியிருக்கலாம் என்று விசாரணை சொன்னது.

இந்த விபத்துகளுக்கு அப்புறம்தான் பல விதிகள் இறுகின. ஆயுள் குறித்த எஞ்சின் பாகங்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. 2007இல் கொண்டுவந்த 33.70 விதி, வடிவமைப்பு, தயாரிப்பு, பயன்பாட்டில் பராமரிப்பு மூன்றுக்கும் திட்டம் கேட்கிறது. உலோகத்துக்குள் குறை இருக்கும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடச் சொல்கிறது. பட்டறைக்கோ எஃப்.ஏ.ஏ. விதித் தொகுப்பின் 43ஆம் பகுதி: எஞ்சின் தயாரிப்பாளரின் நடப்புக் கையேட்டில் இருக்கும் முறைப்படி செய். அந்தக் கையேடு தரக் குறிப்பைக் காட்டும், தரக் குறிப்பு விளக்கின் 365 நானோமீட்டரையும் 1,000 மைக்ரோவாட்டையும் அறையின் இருட்டையும் சொல்லும். அதனால்தான் ஆடிட்டர் வந்ததும் விளக்கின் தினசரிப் பதிவேட்டைக் கேட்கிறார். அது வெறும் தாள் வேலை என்று சலித்துக்கொள்பவர்களிடம் எனக்குக் கோபம் வரும்.

விளக்கின் குறைகளுக்கு வருகிறேன். பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே நிற்கிறது. பெரிய டிஸ்க் ஒன்றை முழுதாகப் பார்க்க அது போதாது, உபரி பேட்டரி வாங்கியே ஆக வேண்டும். உள்ளே குளிரூட்ட ஒரு சின்ன மின்விசிறி இருக்கிறது. அதன் காற்று கீழ்நோக்கி வருகிறது, பக்கத்தில் கொண்டுபோனால் டெவலப்பர் பொடி பறக்கிறது. பொடி பறந்தால் கோடு எங்கே ஊறி வரும்? இது சின்னக் குறை இல்லை. விசிறி இல்லாத மாடல் கிடைத்தால் கொஞ்சம் கனமானாலும் அதையே எடுங்கள். கைப்பிடி நன்றாக இருக்கிறது, ஆனால் தலை தடிமன். நடுத் துளைக்குள்ளும் போல்ட் துளைக்குள்ளும் நுழையாது, அதற்குப் பென்சில் மாதிரி தனி விளக்கு வைத்திருக்கிறோம். வெள்ளை வெளிச்சத்துக்கு ஒரு பொத்தானும் யூ.வி. பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில். இருட்டில் மாற்றி அமுக்கிவிட்டால் இருட்டுக்குக் கண் பழகியது போய்விடும், மறுபடி குறைந்தது ஒரு நிமிடம் இருட்டில் காத்திருக்க வேண்டும். நான் வெள்ளைப் பொத்தானின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

விலை ஆயிரத்து சொச்சம் சிங்கப்பூர் வெள்ளி. ஊரில் தனியாளாக வாங்குபவர்களுக்கு இது பெரிய பணம். வெல்டிங்கில் சிவப்புச் சாயம் பார்க்கிற வேலைக்கு யூ.வி. விளக்கே தேவையில்லை, வாங்க வேண்டாம். எஞ்சின் பாகம் என்றால் இதைவிட மலிவாகத் தேடாதீர்கள். சான்றிதழ் இல்லாத விளக்கை யாராவது பாதி விலைக்குத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த விசிறிக்காகத்தான் ஒன்றைக் குறைத்தேன்.

இரண்டாவது விளக்கு போன வாரம் வந்து சேர்ந்தது. அந்தத் தம்பியிடமே கொடுத்து, பெட்டியைப் பிரிக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். தாளை எடுத்து முதலில் சீரியல் எண்ணைத் தேடினான்.