லிப்பைக் கூட்டுவதா, பேரலைக் கூட்டுவதா: த்ரீ பீஸ் வீலில் ஓர் அங்குலக் கணக்கு

கொழும்பின் வாகனப் பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஜப்பான் பழைய த்ரீ பீஸ் வீலைப் பார்ப்பவர் முதலில் கேட்பது "ஈடி எவ்வளவு?" என்றுதான். ஈடி என்பது, காரின் ஹப்பில் (வீல் பூட்டப்படும் தட்டில்) உட்காரும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே நிற்கிறது என்ற எண். த்ரீ பீஸில் அது, வெளிப்பாதியான லிப், உட்பாதியான பேரல், நடுத் தட்டு மூன்றையும் பூட்டிய பிறகு வரும் விடை. அதை வைத்துக்கொண்டு பாகம் ஓர்டர் கொடுத்தால் பிழை வரத்தான் செய்யும்.

17 அங்குல வீல் ஒன்றை எடுப்போம். லிப் 3, பேரல் 5.5, கூட்டினால் அகலம் 8.5 அங்குலம், அதாவது 8.5ஜே. இரண்டு பாதியும் சேரும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதற்கு, பேரலிலிருந்து லிப்பைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும்: 1.25 அங்குலம், அதாவது 31.75 மி.மீ. ஹப்பில் உட்காரும் முகம் அதற்கு 6.75 மி.மீ. உள்ளே இருந்தால் ஈடி 25. அந்த 6.75 நடுத் தட்டுக்குரிய அளவு. லிப்பையோ பேரலையோ மாற்றினாலும் அது மாறாது.

இதை 9.5ஜே ஆக்க மூன்று வழி.

லிப்பை 4 ஆக்கினால் ஈடி 12.3. உள்விளிம்பு அசையாது, வெளிவிளிம்பு முழு 25.4 மி.மீ. வெளியே வரும். பார்க்க அழகுதான், ஆனால் டயரின் நடு 12.7 மி.மீ. வெளியே தள்ளப்படுவதால் பேரிங்கில் சுமை கூடும், முன் சக்கரமென்றால் ஸ்டியரிங் பள்ளங்களில் இழுக்கும். பின்பக்கத்தில் ஃபென்டர் உரசலை, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஐந்து பேரும் பெட்டிகளுமாகப் போகும் நாளில்தான் கண்டுபிடிப்பார்கள்.

பேரலை 6.5 ஆக்கினால் ஈடி 37.7. எண் கூடியதைக் கண்டு வீல் உள்ளே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். வெளிமுகம் இருந்த இடத்திலேயே இருக்கும். உள்விளிம்புதான் 25.4 மி.மீ. ஸ்ட்ரட்டை (சக்கரத்துக்கு உள்பக்கம் நிற்கும் சஸ்பென்ஷன் தூணை) நோக்கி நகரும். பழைய டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே 35 மி.மீ.யாவது இருந்தால் முன்சக்கரத்துக்கு இதைத்தான் தெரிவுசெய்வோம்.

லிப் 3.5, பேரல் 6 என்று பாதி பாதியாகப் பிரித்தால் ஈடி 25 அப்படியே. பக்கத்துக்கு 12.7 மி.மீ. இடம் போதும். இரு பக்கமும் இடம் குறைவான காருக்கு வேறு வழியில்லை. ஆனால் இரண்டு பாதியையும் புதிதாக வாங்க வேண்டும், செலவு இரட்டிப்பு.

எதைத் தெரிவுசெய்தாலும் டயரையும் பாருங்கள். 225/45 டயருக்கு 8.5ஜே தான் எல்லை. 235/40 டயர் 9.5ஜே வரை போகும், 255/40 அதில் தாராளமாக உட்காரும்.

டூ பீஸ் வீலில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. அதில் லிப்பும் பேரலும் சேர்ந்து ஒரே துண்டு. அகலத்தை மாற்ற அதை முழுதாக மாற்ற வேண்டும், அல்லது வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங் சூட்டில் அலுமினியத்தின் பதம் போய், ஒட்டுக்கு அருகில் பலம் கணிசமாகக் குறையும். அந்த வேலையை லேத் பட்டறை எவ்வளவு மலிவாகச் செய்து தந்தாலும் வேண்டாம். அகலத்தைத் தொடப்போவதில்லை என்றால் டூ பீஸ் நல்ல தெரிவு: காற்றுக் கசியக்கூடிய இணைப்புகள் குறைவு.

த்ரீ பீஸில் அதிகம் பிழை வருவது அளவெடுப்பில். லிப்பை, சேரும் முகத்திலிருந்து டயர் பதியும் விளிம்பின் உட்பக்கம் வரை அளக்க வேண்டும். வெளி ஓரம் வரை டேப் பிடித்தால் சுமார் 12 மி.மீ. கூடி, 3 அங்குல லிப் 3.5 ஆகிவிடும். சான்ட்விச் முறையில் நடுத் தட்டு இரு பாதிக்கும் இடையில் வருவதால் அதன் தடிப்பும் அகலத்தில் சேரலாம். பூட்டி அளந்தபின் முடிவெடுங்கள். போல்ட் துளைகளை எண்ணி, எதிரெதிர்த் துளைகளின் தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 17 என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒரு கம்பனியின் லிப் இன்னொன்றின் பேரலில் பூட்டாது.

பூட்டும்போது சேரும் முகங்களுக்கிடையே, காற்றுக் கசிவை அடைக்கும் சிலிக்கன் பசையைப் பூசாதீர்கள். வீல் ஆடும், போல்ட்டின் இறுக்கமும் தளரும். நட்சத்திர வரிசையில் மூன்று சுற்றாக இறுக்கியபின், டயர் வரும் பக்கத்தில் பொருத்தின்மேல் மட்டும் பூசி ஒரு நாள் விடுங்கள். கொழும்பின் ஈரக்காற்று சிலிக்கன் இறுக உதவும். வினாகிரி மணக்கும் வகை மட்டும் வேண்டாம், அது உலோகத்தை அரிக்கும். வெள்ளவத்தைப் பக்கக் கடற்காற்று ஏற்கெனவே அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.