ஹட்டன் பூக்கடை: எத்தனை மணிக்குச் சூட்டணும் என்று கேட்கிறார்கள்

போன மாதம் தங்கச்சி மகள் பெரிய பிள்ளையானாள். அம்மா "புள்ள பூத்துட்டா" என்றுதான் போனில் சொன்னார். தாய்மாமன் சீரில் பூ என் பொறுப்பு. இலங்கை மலையகத்து ஹட்டன் மாணிக்கப் பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போது வழக்கமாக வாங்கும் சின்னக் கடைக்கே போனேன். பெயர்ப் பலகை கிடையாது. ஒரு மேசை, இரண்டு வாளி, ஈரச் சாக்கு, அவ்வளவுதான்.

விலை பேசுவதற்கு முந்தியே கடைக்கார அக்கா, "எத்தனை மணிக்குச் சூட்டணும் தம்பி?" என்றார். நாளைக் காலை பத்து மணிக்கு என்றேன். "அப்ப விரிஞ்சது வேணாம், மொட்டாவே கட்டித் தாரேன். வாழையிலையில சுத்தி ஜன்னலோரமா வைங்க, நம்ம ஊர் குளிரே போதும்." அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த வித்தியாசத்தைப் பார்த்து ஒருவர் பூ விற்றதை இங்கேதான் கண்டேன்.

வாழைநாரில் இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுற்று, ஓர் இழுப்பு. முழம் போடுவது தன் கையால்தான். கை குட்டை என்று முழத்துக்கு நாலு விரல் கூடவே விடுகிறார். மறுநாள் சடங்கு நேரத்துக்குச் சரம் முழுக்க விரிந்து, எங்கள் லயத்துக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) பூராவும் மல்லிகை வாசம். வேறொரு டவுனில் முன்பு வாங்கிய மாலை மேலே தண்ணீர் தெளித்துப் பளபளவென்று இருந்தது, உள்ளே எல்லாம் அழுகல்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிப்பவன். எஃப்.பி.ஓ.பி. என்ற தூளில் முதல் எழுத்து 'ஃப்ளவரி', ஆனால் அதில் ஒரு பூ இதழ்கூடக் கிடையாது. வீட்டிலே துருவிய தேங்காயும் பூ, ஆச்சியின் கண்ணில் விழுந்ததும் பூ. இதைச் சொன்னதும் அக்கா ஓரத்தில் இருந்த இரண்டு இலைப் பொட்டலங்களைக் காட்டினார். பூக்கட்டிப் பார்க்க, அதாவது சாமி முன்னால் ஒரு பொட்டலத்தை எடுத்து உத்தரவு பார்க்க, யாரோ கேட்டதாம், மகனை வெளிநாடு அனுப்பலாமா என்று. ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. தடவிப் பார்த்தேன், எது எதுவென்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதற்கு மட்டும் அவர் காசு வாங்குவதில்லை.

ரோசா மாலை வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கிடைக்காது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பிறகு போனால் கதம்பம்தான் மிஞ்சும்.